கால் மணி முந்திய வீடு

டைம்கீப்பர் தன் வாழ்நாளில் எந்த இடத்துக்கும் சரியான நேரத்துக்குப் போனதே இல்லை. எப்போதும் முன்னாலேயே போய்விடுவார். போய் நின்றுகொண்டு மற்றவர்களைத் திட்டுவார். டாக்டர் தாமதம், தபால்காரர் தாமதம், முடிவெட்டுகிறவர் கடை திறப்பது தாமதம். தன் கல்யாணத்தன்றைக்கே மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் புதுச் சட்டையோடு நின்ற மனுஷன். மாப்பிள்ளைக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவசரம் பெண்ணின் மேல் இல்லை. கடிகாரத்தின் மேல்.

வேலை பஸ் டெப்போவில். எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுவதுதான் உத்தியோகம். டிரைவர்கள் டீயைக் குடித்து, வாயைக் கொப்பளித்து, பாதியில் நிற்கும் பேச்சை முடித்துவிட்டு ஏறுவதற்குள் வண்டி தாமதமாகிவிடும். அதனால் டெப்போ கடிகாரத்தைக் கால் மணி முன்னால் தள்ளி வைத்தார். வண்டிகள் ஒழுங்காகப் புறப்பட ஆரம்பித்தன. மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். தட்டியது முதுகில், ஏறியது தலைக்கு. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கூடத்துக் கடிகாரத்தைத் தள்ளினார். பிறகு சமையலறைக் கடிகாரம், அலாரம், கைக்கடிகாரம், மனைவியின் கைக்கடிகாரம்கூட. அந்த வீடே ஊரை விட்டுக் கால் மணி முன்னால் ஓடியது.

அவர் மனைவி சீருடை தைக்கிற கம்பெனியில் தையல்காரி. சுவரைப் பார்ப்பாள், மனசுக்குள் கால் மணியைக் கழிப்பாள், அப்புறம்தான் அடுப்பை அணைப்பாள், செருப்பைத் தேடுவாள். கழித்துக் கழித்தே அவள் காலம் போயிற்று. அவரோ கழிப்பதே இல்லை. வருஷங்கள் போகப் போக, தள்ளி வைத்தது தான்தான் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. தன் வீட்டுக் கடிகாரம்தான் சரி, வெளியே இருப்பது எல்லாம் தாமதம் என்று மனசார நம்பிவிட்டார்.

கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். இந்த மாதிரி ஆம்பளைகளோடு அதுதான் தொல்லை. திட்டவும் முடியாது, தாங்கவும் முடியாது.

அவர் ஓய்வு பெற்றபோது டெப்போக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். கடிகாரம் கொடுத்தால் அதையும் தள்ளி வைத்துவிடுவார் என்று யாரோ கேலி பேசியதில், டிவி நிகழ்ச்சிகளைப் பிடித்து வைக்கிற ரெக்கார்டர் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். நாம் வெளியே போயிருந்தாலும் அது சொன்ன நேரத்துக்குத் தானே விழித்து, நிகழ்ச்சியைப் பிடித்து வைத்து, சொன்ன நேரத்துக்குத் தானே அணைந்துவிடும். விற்ற கடைக்காரர் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டு, "சார், இதுல டைம் சிக்னல்லயே தானா வந்துடும். நீங்க கை வைக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், இவர் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டார். பெட்டியின் முகப்பில் பச்சை எழுத்தில் நேரம் தெரிந்தது. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"புதுப் பெட்டி, வந்த அன்னிக்கே லேட்டு" என்றார்.

உள்ளே எங்கெங்கோ புகுந்து, தானாக நேரம் வருகிற ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, தன் கையாலேயே கால் மணி தள்ளி வைத்தார். அதிலிருந்து பெட்டியும் கூடத்துக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டின. மனசு குளிர்ந்தது.

தையல்காரிக்கு எப்போதும் மதிய ஷிஃப்ட். அவள் பார்க்கிற தொடர் அவள் தையல் மிஷினில் குனிந்திருக்கும் நேரத்தில் வரும். பெட்டி வந்ததும் அவளுக்கு ஆசை வந்தது. அவரும் பிடித்து வைத்தார். அவள் வந்து, சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து போட்டால், முதலில் முழங்கால் வலிக்கு எண்ணெய் விற்கிறவன் வருவான். அவன் முழங்காலைத் தேய்த்து முடித்த பிறகுதான் தொடர் ஆரம்பிக்கும். கடைசியில் மாமியார் கையை ஓங்குவாள். திரை கறுத்துவிடும். அறை விழுந்ததா இல்லையா என்று மறுநாள்தான் தெரியும்.

"ஏங்க, தினமும் வால் அறுந்து போகுதே."

"சேனல்காரன் லேட்டா போடறான். நான் என்ன பண்ண?"

"தினமுமா லேட்டா போடுவான்?"

"நம்ம டெப்போவா இருந்தா மெமோ கொடுத்திருப்பேன் அவனுக்கு."

ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார்கள். பெட்டிக்குப் பின்னால் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார்கள். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். முழங்கால்காரன் அசரவில்லை. கடைக்காரரைப் போனில் கூப்பிட்டார்கள். "முடியற நேரத்துக்கு அப்புறம் கொஞ்சம் சேர்த்து வைங்க சார், அது பாட்டுக்கு ஓடி முடியட்டும்" என்றார் அவர்.

"புறப்படற நேரத்துல பஸ்ஸப் பிடிச்சு நிறுத்தி வைக்கற வேலை எனக்குப் பழக்கமில்ல" என்று போனை வைத்துவிட்டார் டைம்கீப்பர்.

அவள் ஒருநாள் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "பெட்டில இருக்கற டைம் சரியாங்க?"

"நான் வச்ச டைம்ல தப்பா?"

அத்தோடு விட்டுவிட்டாள். அவள் விட்டது அது முதல் தடவை இல்லை. தொடர்தானே, அறை விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன.

அப்படி இருக்கும்போதுதான் டிவியிலிருந்து ஆள் வந்தது. பெண்களுக்கென்று சாயங்காலம் அரை மணி நேரம் ஒரு நிகழ்ச்சி வரும். சமையல், செடி, கைவேலை என்று யாராவது வந்து செய்து காட்டுவார்கள். அதற்குத் தையல் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று கம்பெனிக்கு ஒரு பெண் வந்து கேட்டாள். கட்டிங் மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "அந்தக் கடைசி மிஷின்ல இருக்காங்களே, அவங்க காலர் திருப்பினா சட்டைக்கே தெரியாது" என்று கையைக் காட்டினார்.

காலர் திருப்புவது என்றால், தேய்ந்து நைந்துபோன சட்டைக் காலரை நூல் பிரித்துக் கழற்றி, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பிப் போட்டு, பழைய ஊசித் தடத்திலேயே தைப்பது. சட்டை இன்னும் இரண்டு வருஷம் ஓடும். அதை அவள் கற்றுக்கொண்டது டைம்கீப்பரின் சட்டைகளில்தான். விசில் கயிறு கழுத்தில் உரசி உரசி அவர் காலர் எல்லாம் சீக்கிரம் நைந்துவிடும்.

"டிவிலயா? நீயா?" என்றார் அவர். "அங்க போய் என்ன பேசுவ?"

"பேசறதுக்கா கூப்பிட்டாங்க? தைக்கறதுக்குக் கூப்பிட்டாங்க."

லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனாள். அவர் கூடப் போகவில்லை. எனக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் பூசி அனுப்பிய பவுடர் இன்னும் இருந்தது. கழுவச் சொன்னார். அவள் கழுவவில்லை, அப்படியே சமைத்தாள்.

ஒளிபரப்பு இன்ன நாள் என்று தெரிந்ததும் அவள் அவர் எதிரே வந்து நின்றாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட். கம்பெனில யாராலயும் பாக்க முடியாது. நீங்கதான் பிடிச்சு வைக்கணும்."

"வச்சிடறேன்."

"பேப்பரக் கொஞ்சம் கீழ வைங்க. நான் எப்படி இருப்பேன்னு கண்ணாடில தெரியும். வேலை செய்யும்போது எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒரு தடவை பாக்கணும்."

"அதான் வச்சிடறேன்னு சொல்றேனே. பெட்டி பாத்துக்கும்."

"நீங்களும் வீட்ல இருந்து பாத்தா என்ன?"

"நான் உக்காந்து பாக்கறதுக்குப் பெட்டி எதுக்கு?"

ஒளிபரப்பு நாளன்றைக்கு அவர் பெட்டிக்கு நேரம் சொல்லி வைத்தார். நாலு மணிக்கு விழி, நாலரைக்கு அணை. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு, பழைய டெப்போக்காரர்கள் கேரம் ஆடுகிற கொட்டகைக்குப் போனார். வழக்கம்போல முதல் ஆள். மற்றவர்கள் வரும்வரை காய்களைத் தட்டிக்கொண்டு, இவர்கள் எல்லாம் எப்போது திருந்துவார்கள் என்று புலம்பினார்.

வார விடுமுறையன்று தையல்காரி தன்கூட வேலை செய்கிறவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். காஜா எடுக்கிறவள், பட்டன் வைக்கிறவள், இஸ்திரி போடுகிறவள், இன்னும் யார் யாரோ. சின்னக் கூடம். சோபாவில் சில பேர் நெருக்கி உட்கார, மீதிப் பேர் தரையில் காலை நீட்டினார்கள். டீயும் பிஸ்கட்டும் சுற்றி வந்தன. ஒருத்திக்கும் வாய் ஓயவில்லை.

"அக்கா, ஹீரோயின் ஆயிட்டா எங்கள மறந்துடாதக்கா" என்றாள் காஜாக்காரி.

"மறக்கறதா? உன் வாய்க்குக் காஜா எடுத்து பட்டன் வச்சிட்டுத்தான் போவேன்."

"மாமா, சீக்கிரம் போடுங்க. அக்கா வெக்கப்பட்டு ஓடிடப்போறா."

டைம்கீப்பருக்குப் பெருமை. ரிமோட்டை விசில் மாதிரி தூக்கிப் பிடித்து அமுக்கினார். முழங்கால்காரன் வந்தான். எல்லோரும் சிரித்தார்கள். "அக்கா, மீசை வச்சிருக்கியே சொல்லவே இல்ல" என்றாள் இஸ்திரிக்காரி. இன்னும் சிரித்தார்கள். அவன் போனதும் நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஒருத்தி ஏதோ கிளறினாள். இன்னொருத்தி தொட்டிச் செடிக்கு மண் மாற்றினாள். விளம்பரம் வந்தது. சோப்பு, சிமெண்ட், இன்னொரு சோப்பு. திரை கறுத்தது.

எல்லோரும் அந்தக் கறுப்பிலேயே அவளைத் தேடினார்கள்.

"அக்கா, நீ எங்கக்கா?"

தையல்காரி அவரைப் பார்த்தாள். "இன்னும் முடியலங்க. வால் அறுந்துடுச்சு."

கூடம் நிறையப் பெண்கள். அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். நேர விஷயத்தில் தப்பு என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்லலாம்?

"வாலாவது தலையாவது. நாலு மணிக்கு ஆரம்பிச்சு நாலரைக்கு முடியற புரோகிராம். பெட்டி நாலரை வரைக்கும் ஒழுங்காப் பிடிச்சிருக்கு. உன் பங்கை அவங்க வெட்டிட்டாங்க போல."

"வெட்டிட்டாங்களா?"

"சரியா வந்திருக்காது. வெட்டியிருப்பாங்க."

நேரத்தைப் பற்றி டைம்கீப்பர் சொன்னால் அந்தத் தெருவில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அவளும் மறுக்கவில்லை. படம் பிடித்த அன்றைக்கே அந்தப் பெண் சொல்லியிருந்தாள், சில சமயம் இடம் போதாவிட்டால் ஏதாவது ஒரு பகுதியை எடுத்துவிடுவோம் என்று. அது இப்போது ஞாபகம் வந்து ஊசி மாதிரி குத்தியது. எழுந்து டீ டம்ளர்களைப் பொறுக்கினாள். பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டினார்கள். "அவங்களுக்கு ரசனை இல்லக்கா" என்றாள் காஜாக்காரி. ஆறுதல் என்றுதான் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் தையல்காரிக்குக் கண் நிறைந்தது.

இதுவரைக்கும் அவரைப் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. முட்டாள்தனம், அவ்வளவுதான். ஆம்பளைகளுக்கு அது சாதாரணம். அதற்குப் பிறகு செய்ததுதான் பாவம்.

சில நாள் கழித்து, அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், கடைக்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினார் டைம்கீப்பர். மனசுக்குள் எங்கோ ஒரு உறுத்தல் இருந்திருக்க வேண்டும். கடைக்காரர் கீழே உட்கார்ந்து, பெட்டியின் பச்சை எழுத்தைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"சார், உங்க பெட்டி எந்த நாட்ல இருக்கு?"

"ஏன்?"

"கால் மணி முன்னால ஓடுது. முன்னாலயே ஆரம்பிச்சு முன்னாலயே நிக்குது. அப்புறம் எப்படிக் கடைசி வரும்? தானா டைம் வரும்னு சொன்னேனே, அதை யார் நிறுத்தினது?"

 டைம்கீப்பர் கூடத்துக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். கடைக்காரரும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஓ, குடும்பமே அப்படித்தானா? பெட்டிக்கு உங்க வீட்டுக் கணக்கு தெரியுமா சார்? அது சொன்னதச் செஞ்சிட்டு இருக்கு, பாவம்."

"அப்ப அன்னிக்குப் பிடிச்சதுல, கடைசி கால் மணி…"

"போனது போனதுதான். பிடிக்காதத எங்க இருந்து எடுக்கறது?"

டைம்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளை யாரும் வெட்டவில்லை. நிகழ்ச்சி வந்திருக்கிறது, அவள் வந்திருக்கிறாள், காலரைத் திருப்பியிருக்கிறாள். எங்கெங்கோ யார் யாரோ பார்த்திருக்கிறார்கள். அவள் வீட்டில் மட்டும் யாரும் பார்க்கவில்லை. வெட்டியது இவர் கை.

"சரி பண்ணிட்டுப் போங்க" என்றார். வாசல்வரை போனவரை மறுபடி கூப்பிட்டார். "வீட்ல கேட்டா, வயர் லூசா இருந்ததுன்னு சொல்லிடுங்க."

கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சொல்லிவிடலாம் என்றுதான் அன்று சாயங்காலம் நினைத்தார். அவள் வந்தாள், தட்டோடு உட்கார்ந்தாள், தொடரைப் போட்டாள். முழங்கால்காரன் வரவில்லை. கடைசியில் மாமியார் கையை ஓங்கினாள், அறை விழுந்தது, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தன.

"சரியாயிடுச்சே! என்னவாம்?"

"வயர் லூசாம்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பிப் போட அவருக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், விடுமுறையன்று சொல்லலாம் என்று தள்ளினார். எல்லா விஷயத்திலும் முன்னால் போய் நிற்கிற மனுஷன், இதில் மட்டும் நாளுக்கு நாள் பின்னால் போனார். அவளோ தையல் பேச்சையே எடுப்பதில்லை. கம்பெனியில் யாராவது டிவி என்றால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாளாம். ஒருநாள் அவர் நைந்த காலரோடு ஒரு சட்டையை நீட்டியபோது, "புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

பிறகு அந்தப் போன் வந்தது. அவள் காலையில் வீட்டில் இருந்தபோது, அந்த டிவிப் பெண்தான். அவர் உள்ளே முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. அவள் பேசுவது மட்டும் கேட்டது.

"வாராவாரமா? நானா? எதுக்கும்மா?… இல்ல, வேண்டாம்… பிடிச்சிருந்துதா? பிடிச்சிருந்தா ஏன் அப்படிப் பண்ணீங்க?… ஒண்ணுமில்ல. நான் அவ்ளோ பெரிய ஆளு இல்லம்மா. வேற யாரையாவது பாத்துக்கங்க."

அவர் கதவுவரை வந்தார். கையில் ரேசர். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கையிலிருந்து போனை வாங்கி, தப்பு என் பேரில் என்றால் போதும். அவள் போனை வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள், ஈரம் எதுவும் இல்லாத கையை.

"யாரு?" என்று கேட்டார். தெரிந்தே கேட்டார்.

"வேண்டாதவங்க."

அவர் திரும்பிப் போய் மீதி முகத்தை மழித்தார். தாடையில் வெட்டுப்பட்டது. அது படவேண்டியதுதான்.

உண்மை வேறு வழியில் வந்தது. அவருடைய ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய், வாங்கப் போனாள். வழக்கமான மருந்துக்கடை மூடியிருந்ததால் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போனாள். கல்லாவுக்கு மேலே டிவி ஓடிக்கொண்டிருக்கிற கடை. கடைக்காரம்மா மாத்திரையை எண்ணிக்கொண்டே இவள் முகத்தைப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க காலர் திருப்பினவங்கதானே?"

தையல்காரிக்குப் புரியவில்லை.

"டிவிலம்மா! அன்னிக்குக் கடைசியா வந்தீங்களே. நான் வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர் சட்டையப் பிரிச்சுப்போட்டுட்டு, திருப்பத் தெரியாம முழிக்கறேன். அவர் என்னைத் திட்டறார், நான் உங்களத் திட்டறேன்!"

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நான் டிவில வந்திருக்கேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"முதல்ல தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"கடைக்காரர் வந்தன்னிக்கு. டைம்… நான்தான் தள்ளி வச்சிருந்தேன்."

"அந்தப் போன் வந்தப்ப தெரியுமா தெரியாதா?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"கதவாண்ட வந்து நின்னீங்களே. பாத்தேன். மூஞ்சில சோப்போட நின்னீங்க. நான் ஏதோ பாவம், எனக்காக வருத்தப்படறார்னு நினைச்சேன்."

"சொல்லணும்னுதான் வந்தேன்."

"கடிகாரம் தப்புன்னு சொல்றதுக்கு அவ்ளோ கஷ்டமா? நான் தப்புன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்றதுக்கு உங்களுக்குக் கஷ்டமே இல்லையே. பட்டுனு வந்துச்சே வாயில."

அவர் மேஜையில் இருந்த மாத்திரைப் பொட்டலத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். 

அவள் டிவிப் பெண்ணுக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் நல்ல பெண், வருத்தப்பட்டாள். வாராவாரம் வருகிற இடத்துக்கு வேறொருத்தியைப் போட்டாகிவிட்டது. பழைய ஒளிபரப்பைக் கேட்டால் வெளியாட்களுக்கு எடுத்துத் தருகிற வழக்கம் இல்லை என்றாள். டைம்கீப்பர் அதை நம்பாமல் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி ஆபீசுக்கே நேரில் போனார். வாசலில் இருந்த காவலாளி உள்ளேயே விடவில்லை. உட்காரக்கூட இடமில்லாத வாசல். ஆள் வருவார், வருவார் என்று சொல்லியே நிற்க வைத்தார்கள். அன்றைக்கு அவர் யாரையும் தாமதம் என்று திட்டவில்லை. கடைசியில் ஒருவர் வந்து, அதெல்லாம் கிடைக்காது என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

திரும்புகிற வழியில் அந்த மருந்துக்கடைக்குப் போனார். மாத்திரை வேண்டாம் என்றார்.

"அப்புறம் என்ன சார் வேணும்?"

"டிவில காலர் திருப்பினாங்களே ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரர் நான்."

"அடடே! அவங்களா! சொல்லுங்க."

"எப்படி இருந்தா?"

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க பாக்கலையா?"

"இல்ல."

அவள் கேட்கவில்லை ஏன் என்று. நல்லவள். கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். நூலைப் பிரிக்கும்போது குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாளாம். அதோடேயே பேசினாளாம், நிகழ்ச்சி நடத்துகிற பெண் முழுங்கிடப்போறீங்க என்று பயந்துபோனாளாம். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரர் கழுத்துகிட்ட" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். அவளும் சிரித்தாளாம், தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாமல்.

டைம்கீப்பர் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

வீட்டில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அந்தக் கடைக்காரம்மாகிட்ட கேட்டுட்டு வந்தேன். நீ என்ன சொன்னேன்னா…"

"நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதா? சொன்னது நான்தானே." கத்தி நிற்கவில்லை. "எப்படி இருந்தேன்? அதைச் சொல்லுங்க."

"நல்லா இருந்தியாம். சிரிச்சியாம். ஊசியைப் பல்லுல…"

"அது அவ பாத்தது. அவ கண்ணு. நான் உங்களைக் கேக்கறேன்."

 கேரம் கொட்டகையில் உட்கார்ந்து காயைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அதைத் தவிர அவரிடம் சொல்ல வேறு எதுவும் இல்லை.

அவள் நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. பேசாமல் எப்படி ஒரே வீட்டில் இருக்க முடியும்? மாத்திரை போட்டீங்களா, கேஸ் தீரப்போகுது, கதவைத் தாழ் போடுங்க, எல்லாம் பேசினாள். வாராவாரம் அந்த நிகழ்ச்சியில் இன்னொருத்தி வந்து தைக்கிறாள். டைம்கீப்பர் சேனலை மாற்றப் போனபோது, "இருக்கட்டும்" என்றாள். பெட்டி அதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒழுங்காகப் பிடித்து வைக்கிறது. விடுமுறையன்று உட்கார்ந்து முழுசாகப் பார்க்கிறாள். அந்தப் பெண் தையல் போடும்போது இவள் விரல்கள் மடியில் தானாக அசைகின்றன. "இப்படிப் பிடிச்சா மூலை எழும்பாதும்மா" என்று திரையைப் பார்த்துச் சொல்கிறாள், யாரிடமும் இல்லாமல்.

டைம்கீப்பர் டிவியைப் பார்ப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்க்கிறார். அவள் திரும்புவதில்லை.